பத்தாவது கையெழுத்து

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பயம்தான். முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன், ஊரில் நாலு பேரை அதட்டிப் பேசுகிறவன் இப்படிச் சொல்வது வெட்கக்கேடு. இருந்தாலும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அவராகத்தான் இருக்கும் என்பதற்கு என்ன நிச்சயம்?

கீழ்வேளூர்ப் பக்கத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஓயாமல் இருமுகிற பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ரெண்டு பெஞ்சு. கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் எல்லாம் எழுதுவேன். சட்டசபைத் தேர்தல் வந்தால் சுயேச்சைகளுக்கு வேட்புமனுவும் பூர்த்தி செய்து கொடுப்பேன். எந்தப் பத்திரத்துக்கும் சாட்சி ரெண்டு பேர் வேண்டும். சென்னையிலிருந்து காரில் வந்து, தாத்தா காலத்து நிலத்தை விற்றுவிட்டு மத்தியானமே திரும்புகிற பிள்ளைகளுக்கு ஊரில் யாரைத் தெரியும்? அவர்களுக்காக நான் கூப்பிடுகிற சாட்சி அவர். நாலு மா, அதாவது ஒண்ணேகால் ஏக்கர் சொச்சம், குத்தகை நிலம் வைத்திருந்தார். வயல் வேலை இல்லாத நேரத்தில் சாட்சிக் கையெழுத்து.

கடைக்குள் கால் வைக்கும்போதே கேட்பார்.

"ரைட்டரய்யா, நேத்து என்னை எங்கயாச்சும் பாத்தீங்களா?"

சௌக்கியமா கிடையாது, மழை வருமா கிடையாது. இருபது வருஷமாக அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் இதுதான். ஆரம்பத்தில் நான் கேலி செய்வேன். "பாத்தேனே, கவர்னர் மாளிகையில. ரெண்டு பேரும் பஜ்ஜி தின்னுக்கிட்டிருந்தீங்க." அவர் சிரிக்க மாட்டார். "வெளையாடாதீங்க. பாத்தீங்களா, இல்லையா?" என்பார். இல்லை என்று சொன்னால் ஒரு மூச்சு விடுவார் பாருங்கள், பாரம் சுமந்து வந்தவன் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. பிறகுதான் உட்காருவார். சர்க்கரை இல்லாத டீ ஒன்று குடிப்பார். சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருஷமாகியிருந்தது.

முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. கறுப்பா, மாநிறமா? மீசை இருந்ததா? எதிரில் இருக்கும்போது தெளிவாகத் தெரிகிற முகம், அவர் படி இறங்கியதும் கலைந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பத்துப் பேரில் ஆறு பேர் அவர் ஜாடையில் இருப்பார்கள். அதனால்தான் கண்டவர்களும் கண்ட இடத்தில் இவரைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அப்புறம் அந்த யூரியா விஷயம் நடந்தது. சம்பா நட்டு மூணு வாரம். ஒருநாள் காலை எட்டு மணிக்கு உரமூட்டையோடு வயலுக்குப் போயிருக்கிறார். பக்கத்து வயலில் களை எடுத்த பெண்கள், "என்னாண்ணே, இப்பத்தான தெளிச்சிட்டுப் போனீங்க, மறுபடியும் தெளிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நம்பவில்லை. தெளித்துவிட்டார். உரம் ரெட்டிப்பாகிப் பயிர் கருகருவென்று எழும்பி, கதிர் முற்றுவதற்குள் மொத்தமாகப் படுத்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். சுற்றி எல்லா வயலும் நிற்க, நாலு மா மட்டும் பாய் விரித்த மாதிரி கிடந்தது. வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அவனும் நம்ம வயலுன்னுதான் நெனைச்சிருக்கான் பாருங்க" என்றார்.

"எவன்?" என்று கேட்டேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வருஷத்திலிருந்துதான் கையெழுத்துக்குக் கீழே ஒரு நெல்மணி வரைய ஆரம்பித்தார். நிஜ நெல்மணி அளவுதான் இருக்கும். ரெண்டு முனையும் கூராக, நடுவில் மெல்லிய ஒரு கோடு. பத்திரத்தில் பார்த்தால் பேனா தடுக்கிய மாதிரி தெரியும். நான் கேட்டதற்கு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னார்: "நெல்லு இருந்தா நான் போட்டது. இல்லாட்டி நான் போட்டது இல்ல. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும் ரைட்டரய்யா. எனக்கே ஒருநாள் சந்தேகம் வந்துச்சுன்னா, நீங்க பாத்துச் சொல்லணும்."

பஸ் டிக்கெட்டையும் சேர்த்து வைத்தார். எங்கே போனாலும் டிக்கெட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி, வீட்டுக்குப் போனதும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். அன்றைக்கு அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்பதற்கு அத்தாட்சியாம். "பைத்தியக்காரத்தனம்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டும் இருக்கட்டும்" என்பார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கொஞ்ச நாள் முன்பு எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு விவாதம் நடந்தது. சட்டசபைத் தேர்தலில் நிற்கிறவர்களுக்கான விதிகளை இறுக்குவதா, தளர்த்துவதா என்று பேச்சு. பெரிய கட்சிக்காரருக்கு முன்மொழிய ஒரு கையெழுத்து போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் இன்றைய விதி. ஒரு ரிடையர்டு தலைமையாசிரியர், நிற்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்றார். "அப்ப ஓட்டுப் போடுறவனும் பட்டதாரியா இருக்கணுமா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் ஊர் வக்கீல் ஒருவர், கட்சிக்காரர்களுக்குத் தேர்தல் வேலை பார்க்கிறவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"பத்தை நூறாக்கணும்! நூறு பேரும் நேர்ல வந்து கைரேகை வைக்கணும். போன தேர்தல்ல நம்ம தொகுதியில நடந்த கூத்து மறந்துபோச்சா? ஒருத்தர் கையெழுத்தைப் போட்டுட்டு, பரிசீலனையில வந்து நான் போடலைன்னு சத்தியம் பண்ணுனாரே! அந்த மகானுபாவர் இப்ப மேலோகத்துல யாருக்கு முன்மொழியிறாரோ!"

அரங்கம் சிரித்தது. வக்கீல் சொன்னது அவரைத்தான்.

அப்போது மலர்க்கொடி எழுந்தாள். தெற்குத் தெருப் பெண். அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள், இப்போது குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார்கள். இவள் எம்.எஸ்சி. முடித்து ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்தக் 'கூத்தில்' மனு தள்ளுபடியானது இவளுக்குத்தான்.

"எங்க தெருவுல மொத்தமே எம்பது ஓட்டு சார். நூறு பேருக்கு நான் எங்க போவேன்?" என்றாள். "பத்து பேரைப் பிடிக்கவே என் உசுரு போச்சு. ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு விதமா மெரட்டுனாங்க. ஒருத்தர் மட்டும், மனு எழுதிக் குடுக்கிறவர் அதுல கையெழுத்துப் போடக் கூடாது, அப்படி ஒரு விதி இருக்குன்னாரு. அஞ்சு வருசமா தேடித் தேடிப் பாத்துட்டேன். அப்படி ஒரு விதியே இல்ல."

என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னாள். திரும்பியிருந்தால்கூடத் தேவலை.

ஆமாம், அந்த ஒருத்தன் நான்தான். போன தேர்தலுக்கு என் கடைக்கு வந்தபோது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவள் அப்பாவின் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் வரிசையில் கிடந்து, மழையில் நனைந்து, மூட்டைக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. பின்னால் வந்த பெரிய வீட்டு நெல் முன்னால் உள்ளே போயிருந்தது. "ஜெயிக்கிறதுக்கு நிக்கல சார். அந்த மிஷின்ல என் பேரு இருக்கணும். எங்க தெரு ஆளுங்க, ஒரே ஒரு தடவையாச்சும், எங்க தெருப் பேரைப் பாத்து அமுக்கணும்" என்றாள். நியாயம்தான். ஆனால் பெரிய வீட்டுப் பத்திரமெல்லாம் என்னிடம்தானே வருகிறது? அவள் "நீங்களே பத்தாவதா போட்டுடுங்க சார்" என்றதும், இல்லாத விதியை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கோழைக்குச் சட்டம் நன்றாகத் தெரியும்.

மனு தாக்கலுக்குக் கடைசி நாள். மூணு மணிக்கு மூடிவிடுவார்கள். ஒரு மணிக்கு ஒன்பது கையெழுத்து ஆகியிருந்தது. நாலு மனு வரை போடலாம் என்று விதி இருக்கிறது. பத்துப் பேரே தேறாதவளுக்கு நாலு மனு இருந்து என்ன? பத்தாவதாக வர வேண்டிய அவளுடைய மாமாவைப் பாதி வழியில் யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நம்ம சாட்சிக்காரருக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

பத்து நிமிஷத்தில் வாசலில் வந்து நின்றார்.

"வாங்க வாங்க, தெய்வம் மாதிரி வந்தீங்க" என்றேன். வந்து உட்கார்ந்தார். "சர்க்கரை தூக்கலா ஒரு டீ சொல்லுங்க" என்றார். இன்றைக்கு ஒருநாள் ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் பார்த்து எழுதினேன். கையெழுத்துப் போட்டார். மலர்க்கொடி எழுந்து நின்று ரெண்டு கையையும் கூப்பினாள். அவர் சிரித்தார். இருபது வருஷத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல்வரிசை நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அப்போது அப்படித்தான் தோன்றியது.

அவசரத்தில் ஒன்பது பேர் எண்களையும் மறுபடி சரிபார்த்தேன். பத்தாவது கையெழுத்துக்குக் கீழே நெல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கடைக்குள் வந்தவர் வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதும் அப்போது உறைக்கவில்லை. தொல்லை விட்டது என்று சந்தோஷமாகக்கூட இருந்திருப்பேன்.

மறுநாள் பரிசீலனை. வக்கீல் எழுந்து, பத்தாவது முன்மொழிந்தவர் அந்தக் கையெழுத்தைப் போடவே இல்லை என்று ஆட்சேபம் சொன்னார். காலையில் டீக்கடையில் வைத்து யாரோ நம்ம சாட்சிக்காரரிடம், "நீங்களுமா அந்தப் பொண்ணுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் எப்போதும் போல உள்ளதைச் சொல்லியிருக்கிறார். தேர்தல் நடத்தும் அலுவலர் ஆளனுப்பி அவரை வரவழைத்தார். நான் எழுதிய மனு என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. 'நீங்க பாத்துச் சொல்லணும்னு சொல்லியிருந்தேனே' என்று கேட்கிற பார்வை.

"எழுத்து என்னோடதுதான்" என்றார். "போட்டது நான் இல்லைங்க."

அலுவலருக்கு எரிச்சல். "ஆமாவா, இல்லையா? ஒண்ணைச் சொல்லுங்க."

"இல்லைங்க. நேத்து நான் ஊர்லயே இல்ல. கோடியக்கரையில மக வீட்ல இருந்தேன்." சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். போகவும் வரவும் ரெண்டு.

"என் கண் முன்னாடி போட்டாருங்க! என் கடையில உக்காந்து டீ குடிச்சிட்டுப் போட்டாரு!" என்று நான் கத்தினேன்.

"சர்க்கரை போட்டா?" என்று கேட்டார் அவர், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மனு தள்ளுபடியானது. மலர்க்கொடி வெளியே வந்து அந்த அலுவலகத்துப் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். தெற்குத் தெருவிலிருந்து வந்திருந்த கிழவர் ஒருவர், "அப்ப மிஷின்ல பேரு வராதாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன். தலையைக் குனிந்துகொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரே வந்தார். "ரைட்டரய்யா, முந்தாநேத்து என்னைப் பாத்தீங்கள்ல" என்றார். இந்தத் தடவை அது கேள்வி இல்லை.

நான் எகிறிவிட்டேன். "யாருகிட்டய்யா வெலை போனீங்க? அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க தலையில இருக்கிற கிரீடமா எறங்கியிருக்கும்?"

அவர் அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்காக ராத்திரி பூரா தூங்கல" என்றார். "ஆனா ஒண்ணு புரிஞ்சிக்குங்க. அவன் போட்டதை ஒரே ஒரு தடவை என்னதுன்னு ஒத்துக்கிட்டேன்னு வைங்க. அப்புறம் எல்லாம் அவனுதுதான். வயலு, வீடு, பொண்டாட்டி, புள்ள, எது என்னதுன்னு நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?"

"பேத்தாதீங்க!"

"நீங்க ஒரு மணிக்குப் போன் அடிச்சீங்களாமே. அங்க கடற்கரையில டவரே கெடையாது. என் போன்ல மணி அடிக்கல." வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அவனுக்குக் கேட்டிருக்கு."

போங்கய்யா வெளியே என்றேன். போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நான் கூப்பிடாததைப் பார்த்து ஊரும் கூப்பிடவில்லை. விலை போனவர் என்ற பேச்சு நிலைத்துவிட்டது. தெற்குத் தெருப் பக்கம் அவர் போனால் கதவைச் சாத்தினார்கள். தெருவில் என்னைப் பார்த்தால் வாயைத் திறந்து கேட்க வருவார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாத்தேன் அல்லது பாக்கலை என்று ஒரு வார்த்தை. அதைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

ரெண்டு வருஷத்தில் செத்துப்போனார். மாரடைப்பு. சாவுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த முகத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன், மீசை இருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்தபோது களை எடுக்கிற பெண்கள் ரெண்டு பேர் கிசுகிசுத்துக்கொண்டார்கள். செத்தவர் இன்றைக்குக் காலையில் வாய்க்கால் மதகடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாராம். உயிர் போனது அதற்கு முதல் நாள் சாயங்காலம். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அவர் மகள் என்னிடம் அந்தப் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்ககிட்ட குடுக்கச் சொல்லி அப்பா சொல்லியிருந்தாங்க. என்னான்னு தெரியல." திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான டிக்கெட். எல்லாம் வெள்ளைத் தாள். மிஷின் டிக்கெட் எழுத்து எத்தனை நாளைக்கு நிற்கும்? எங்கே போனார், எப்போது போனார், ஒன்றும் இல்லை. அவருடைய இத்தனை வருஷ அத்தாட்சியும் மறைந்துபோயிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கிளம்பும்போது பூதலூரிலிருந்து வந்திருந்த அவருடைய மைத்துனர் என் கையைப் பிடித்தார். "நேத்து உங்களை எங்க ஊரு ஸ்டேஷன்ல பாத்தேனே! கூப்பிட்டேன், கையக் காட்டுனேன். சிரிச்சிக்கிட்டே போயிட்டீங்க."

நேற்று முழுவதும் நான் கடையில் இருந்தேன். மூணு பத்திரம் பதிவு. நான் பூதலூருக்குப் போய் ஆறு வருஷமாகிறது.

"வேற யாராச்சும் இருக்கும்" என்றேன்.

"அட, உங்களைத் தெரியாதா எனக்கு?"

அடுத்த நாளிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு பத்திரத்திலும், எழுதியவர் கையெழுத்துக்குக் கீழே ஒரு நெல்மணி வரைய ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நூலகத்து விவாதத்தில் கடைசியில் ஒன்றும் முடிவாகவில்லை. நம்மூரில் பேசி விதி மாறிவிடுமா என்ன? எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். நான் வாசலில் மலர்க்கொடிக்காகக் காத்திருந்தேன்.

"மறுபடியும் நிக்கிறியாம்மா?"

"நிக்கிறேன் சார். ஒம்பது பேர் இருக்காங்க."

"பத்தாவது நான் போடுறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "விதி ஒண்ணும் தடுக்காதே சார்?" என்று கேட்டாள். அடி வாங்குவதற்காகத்தானே போய் நின்றேன், வாங்கிக்கொண்டேன்.

மனுவில் என் கடையிலேயே, அவள் எதிரிலேயே, கையெழுத்துப் போட்டேன். கீழே நிதானமாக நெல் வரைந்தேன். ரெண்டு முனையும் கூர், நடுவில் கோடு. "என்ன சார் இது?" என்று குனிந்து பார்த்தாள்.

"நெல்லும்மா."

"கொள்முதல் நிலையத்துப் பக்கம் கொண்டுபோயிடாதீங்க சார், முளைச்சிடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆக, அந்த நெல்லை நான் மட்டும் பார்க்கவில்லை, அவளும் பார்த்தாள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பரிசீலனையில் அதே வக்கீல். கையில் நான் எழுதிய கிரயப் பத்திரங்களின் நகல் ஐந்தாறு.

"ஐயா, பத்தாவது முன்மொழிந்தவர் பத்திர எழுத்தர். இவர் கையெழுத்து எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்கு. எல்லாத்துலயும் கீழ ஒரு நெல்மணி போடுவாரு. பாருங்க, இதுல இருக்கு, இதுல இருக்கு. மனுவில மட்டும் இல்ல. இது அவர் போட்டதில்லைன்னு சந்தேகப்படுறோம்."

அலுவலர் மனுவை என் பக்கம் திருப்பினார்.

என் கையெழுத்துதான். முதல் எழுத்தின் சுழிப்பு, கடைசி எழுத்தின் வால், எல்லாம் நான்தான். கீழே வெறும் தாள். அழித்த தடம் இல்லை. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன், பேனா அழுத்தின தடம்கூட இல்லை. மலர்க்கொடி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. கடையில் குனிந்து பார்த்துக் கேலி செய்தது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வெளியே படியில் தெற்குத் தெரு மொத்தமும் உட்கார்ந்திருந்தது.

"சொல்லுங்க. இது உங்க கையெழுத்துதானா?"

அவர் எப்படி அன்றைக்கு இல்லை என்றார் என்று அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. எவ்வளவு பெரிய மனுஷன், எவ்வளவு தனியாக நின்றிருக்கிறார்! அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதை என்னால் சொல்ல முடியவில்லை. இந்தப் பெண்ணை ரெண்டாவது தடவையும் அந்தப் படியில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"என்னதுதாங்க" என்றேன். "அவசரத்துல நெல்லை விட்டுட்டேன்."

மனு ஏற்கப்பட்டது. வெளியே விசில் அடித்தார்கள். போன தடவை மிஷினில் பேர் வராதா என்று கேட்ட கிழவர் என் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மலர்க்கொடி மட்டும் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், நான் பாத்தேன். நெல்லு இருந்துச்சு" என்றாள். "தெரியும்மா, போ, போய் ஓட்டுக் கேளு" என்று அனுப்பிவைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ரெண்டரை. நல்ல பசி. கால் கழுவிவிட்டு உட்கார்ந்து, "சோத்தைப் போடு" என்றேன். அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, மறுபடியும் பசிக்குதா? இப்பத்தான் ஒரு மணிக்கு வந்து சாப்பிட்டுப் போனீங்க?"

நான் முற்றத்துப் பக்கம் திரும்பினேன்.

"கல்யாணமாகி முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் பாகற்காயைத் திட்டாம சாப்பிட்டிருக்கீங்க. ரெண்டு தடவை கேட்டு வாங்கி" என்றாள். அவள் முகம் பூரித்திருந்தது. "வாசப்படி வரைக்கும் போயிட்டு, திரும்பிப் பாத்துச் சிரிச்சீங்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். அப்படியே இருங்க, நல்லாத்தான் இருக்கு."

முற்றத்துக் கொடியில் என் துண்டு ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்தது. நான் துண்டு தோய்க்கவில்லை.

இது நடந்து ரெண்டு வாரத்துக்கு மேலாகிறது. நாளைக்கு ஓட்டு. மிஷினில் பன்னிரண்டாவது பெயர் மலர்க்கொடி. அவளுக்குப் போடத்தான் போகிறேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் நேத்து என்னை எங்கயாச்சும் பாத்தீங்களா என்று கேட்கிறேனாம், டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வாக்குச்சாவடியை ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். விடிந்ததும் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றுவிட வேண்டும். எனக்கு முன்னால் அங்கே யாரும் நிற்காமல் இருக்க வேண்டும்.